பொம்மைப் படமும் உவமைக் கதையும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் ஆகிய ஊர்களின் கொட்டகைகளில் 1960களிலும் 70களிலும் படம் பார்த்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மணி அடித்து விளக்கு அணைந்ததும் திரையில் முதலில் தோன்றியது, அவர்கள் காசு கொடுத்துக் காண வந்த எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ அன்று. அரசின் செய்திப் படமே. அணைக்கட்டுத் திறப்பும், அமைச்சரின் அயல்நாட்டுப் பயணமும், வெள்ள நிவாரணமும் கம்பீரமான ஒரு குரலின் துணையோடு ஓடிக்கொண்டிருக்கும். முறுக்கு வாங்கச் சென்றவர்கள் திரும்பி வரவும், பிந்தி வந்தவர்கள் இருட்டில் தடவி இடம் பிடிக்கவும் அந்த நேரம் பயன்பட்டது. அவற்றுள் ஏதேனும் ஒன்று இன்றும் நெஞ்சில் நிற்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே பெரும்பாலோரின் விடையாக இருக்கும்.

ஆனால் எப்போதாவது ஒருநாள் அதே திரையில், கோடுகளால் வரைந்த மானோ எலியோ உயிர்பெற்று நடக்கத் தொடங்கும். ‘பொம்மைப் படம்!’ என்று பிள்ளைகள் கூவுவார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அமர்ந்தவர் முதல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வரை அனைவரும் பேச்சை நிறுத்துவர். சில நிமிடங்களில் அது முடிந்துவிடும். முடிந்த பிறகும் அது மனத்தை விட்டு நீங்குவதில்லை. ஆயிரக்கணக்கான அடி நீளமுள்ள செய்திப் படங்கள் மறந்துபோக, சில நிமிடப் பொம்மைப் படம் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? இக்கேள்வி பொழுதுபோக்குப் பற்றியது மட்டுமன்று. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர்களும் மறையுரை ஆற்றுபவர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

குருவானவரின் விளக்கு

அசைவூட்டப் படத்தின் வரலாறு திரைப்படத்தின் வரலாற்றை விடப் பழையது. ஹாலந்து நாட்டு அறிவியலறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டில், கண்ணாடித் துண்டில் வரைந்த ஓவியத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவிக்கு வழி வகுத்தார். அக்கருவிக்காக அவர் தீட்டிய சிறு படங்கள் இன்றும் உள்ளன. ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றுகிறது. மீண்டும் பொருத்திக் கொள்கிறது. அசைவை மனத்தில் கொண்டு வரையப்பெற்ற மிகப் பழைய படங்களுள் ஒன்று மரணத்தைப் பற்றியதாக அமைந்தது வியப்புக்குரியது. உரோமையில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்கர், 1671இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இத்தகைய விளக்கைப் படத்தோடு விளக்கினார். அந்தப் படத்திலும் சுவரில் தெரிவது உத்தரிக்கும் நெருப்பில் நிற்கும் ஓர் ஆன்மாவே.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்துப் பாரிஸ் நகரில் மொய்ஞோ என்னும் குருவானவர், இதே விளக்கைக் கொண்டு பொதுமக்களுக்கு அறிவியல் உரைகள் நிகழ்த்தி வந்தார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த இளைஞரே எமில் ரேனோ. குருவிடம் கற்ற விளக்கு வித்தையை அவர் தம் கைத்திறனோடு இணைத்தார். 1877இல் சுழலும் கண்ணாடிகளைக் கொண்டு, வரைந்த படங்களை அசையச் செய்யும் கருவியை உருவாக்கினார். 1892 அக்டோபர் 28ஆம் நாள், பாரிசிலுள்ள கிரேவன் அருங்காட்சியகத்தில், கையால் வரைந்து வண்ணம் தீட்டிய சுமார் 500 படங்களை நீண்ட பட்டையில் கோத்துத் திரையில் ஓட்டிக் காட்டினார். லூமியே சகோதரர்கள் திரைப்படத்தை மக்களுக்குக் காட்டியதோ 1895இல். அக்டோபர் 28 இன்று உலக அசைவூட்டப் பட நாளாகக் கொண்டாடப்படுவதன் காரணம் இதுவே.

ரேனோவின் முடிவு துயரமானது. 1892 முதல் 1900 வரை 12,800க்கும் மேற்பட்ட காட்சிகளை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேருக்கு அவர் நடத்தினார். ஒளிப்படக் கருவி கொண்டு எளிதாக எடுக்கப்பட்ட படங்கள் பெருகியதும், மாதக்கணக்கில் கையால் வரைந்த அவருடைய படங்களை நாடுவோர் குறைந்தனர். மனமுடைந்த அவர், தம் படச்சுருள்களுள் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் எறிந்தார். 1918இல் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார். எஞ்சியவை இரண்டே படங்கள். ஆயினும் அவர் விதைத்தது அழியவில்லை.

ரேனோவின் பட்டையைக் கையிலெடுத்து எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இன்றைய திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 சட்டங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 5,040 ஓவியங்கள் ஆகும். ஓர் இமை மூடித் திறக்கும் காட்சிக்கும் ஒருவர் குனிந்து அமர்ந்து பல தாள்கள் வரைய வேண்டும். ஆகவே பொம்மைப் படத்தில் வீண் அசைவுக்கு இடமில்லை. எது தேவையோ அது மட்டுமே வரையப்படும். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி நிறுத்தும் இந்தக் கட்டுப்பாடுதான் அதற்கு முதல் வலிமை. நம் ஆண்டவர் சொன்ன உவமைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடுகு விதை உவமை இரண்டே வசனங்களில் முடிகிறது. காணாமற்போன திராக்மாவைத் தேடும் பெண்ணின் கதையும் அப்படியே. அவளுடைய பெயரோ ஊரோ நமக்குத் தெரியாது. விளக்கேற்றி வீட்டைக் கூட்டும் அவள் கை மட்டும் தெரிகிறது. அது போதும்.

ஆலமர மான்

இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் தொடங்கப்பெற்றது. உரிமம் பெற்ற கொட்டகைகள் ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஏற்பளித்த படங்களை 2,000 அடி வரை, அதாவது ஏறத்தாழ இருபது நிமிடங்கள், திரையிட வேண்டும் என்று விதி இருந்தது. கள்ளக்குறிச்சி மக்கள் செய்திப் படம் பார்த்தது அந்த விதியினால்தான். பல மொழிகளில் குரல் சேர்க்கப்பெற்று அப்படங்கள் நாடெங்கும் சென்றன. அப்பிரிவு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

அங்கு அசைவூட்டப் படத்துக்குப் பயிற்சியளிக்க 1956இல் அமெரிக்காவிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். அவர் வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தில் ‘பாம்பி’ என்னும் மான்குட்டிப் படத்தில் பணியாற்றியவர். அவரிடம் பயின்ற இளைஞர்களுள் ஒருவரே, பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை என்று போற்றப்பெற்ற ராம் மோகன். அந்தக் குழு 1957இல் உருவாக்கிய படம் ‘ஆலமர மான்’. அது புத்த சாதகக் கதையொன்றைத் தழுவியது.

காசி அரசனின் பூங்காவில் இரண்டு மான் கூட்டங்கள் இருந்தன. நாள்தோறும் ஒரு மான் முறைப்படி அரசனின் உணவுக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் வயிற்றில் குட்டியைச் சுமந்த பெண்மானின் முறை வந்தது. குட்டி பிறக்கும் வரை பொறுக்குமாறு அது தன் கூட்டத் தலைவனிடம் மன்றாடியது. முறையை மாற்ற முடியாது என்றது அந்தத் தலைவன் மான். அது மற்றக் கூட்டத்தின் தலைவனான ஆலமர மானிடம் சென்றது. ஆலமர மான் வேறு எவரையும் அனுப்பவில்லை; தானே சென்று வெட்டுமரத்தில் தலை வைத்துப் படுத்தது. அதைக் கண்ட அரசன் மனம் மாறினான். முதலில் மான்களுக்கும், பின்பு எல்லா உயிர்களுக்கும் அபயம் அளித்தான்.

நல்ல ஆயனை அறிந்த நமக்கு இக்கதை அந்நியமாகப் படுமா? நம் மறைநூலில் இல்லாத கதைதான். ஆயினும் பிறருக்காகத் தன் உயிரைக் கொடுப்பவனே தலைவன் என்னும் உண்மையை அது சொல்கிறது. அதே 1957ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் திருத்தந்தை 12ஆம் பயஸ், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை குறித்து ‘மிராந்தா ப்ரோர்சுஸ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். இவற்றைக் கடவுள் அளித்த மனித அறிவின் கொடைகளாகக் கண்டு நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அம்மடலின் அழைப்பு. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஆணை ஏடு ஒன்றைத் தந்தது. கொட்டகைக்குப் போவதே பாவம் என்று சில வீடுகளில் அஞ்சிய காலத்தில், திருச்சபை இவ்வாறு அகன்ற பார்வையோடு நோக்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

வேலி

1952இல் கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன் ‘அண்டை வீட்டார்’ என்னும் எட்டு நிமிடப் படத்தை உருவாக்கினார். இதில் வரைந்த பொம்மைகள் இல்லை. உயிருள்ள மனிதர்களையே சட்டம் சட்டமாக நிறுத்திப் படமெடுத்து, பொம்மைகளைப் போல் அசையச் செய்தார். உரையாடலும் இல்லை. 1949இல் யுனெஸ்கோ பணிக்காகச் சீனாவில் தங்கியிருந்தவர் அவர். பின்னர் அதே பணிக்காக இந்தியாவுக்கும் வந்தவர்.

இருவர் தத்தம் வீட்டின் முன் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கின்றனர். இரு வீட்டுக்கும் நடுவே ஒரு பூ மலர்கிறது. இருவரும் அதன் மணத்தில் மயங்கிக் கூத்தாடுகின்றனர். பார்ப்போர் சிரிக்கின்றனர். பிறகு பூ யாருக்கு உரியது என்ற சண்டை எழுகிறது. கோடு கிழிக்கின்றனர், வேலி எழுப்புகின்றனர், அடித்துக் கொள்கின்றனர். காலடியில் பூ நசுங்குகிறது. இருவர் முகமும் அரக்கர் முகமாகிறது. ஒருவர் மற்றவருடைய மனைவியையும் குழந்தையையும் கூட விடவில்லை. இருவரும் மாள்கின்றனர். அவர்கள் எழுப்பிய வேலிக் கட்டைகளே அவர்களுடைய கல்லறைகளைச் சூழ்ந்து நிற்கின்றன. கல்லறைகளின் மேல் பூ பூக்கிறது. இறுதியில் அயலாரை அன்பு செய்ய வேண்டும் என்னும் கட்டளை பல மொழிகளில் திரையில் தோன்றுகிறது. 1953இல் இப்படம் ஆஸ்கார் விருது பெற்றது.

முதலில் சிரித்தவர்கள் பின்னர் ஏன் மௌனமாகின்றனர்? இதற்கு விடை சாமுவேல் இரண்டாம் நூலில் இருக்கிறது. உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனையும் கொல்வித்த தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். அவர் குற்றப் பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரு சிறுகதை சொல்கிறார். ஏராளமான ஆடுகள் உள்ள செல்வன், ஏழை ஒருவன் மகளைப் போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைக்கிறான். கேட்ட தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பு வழங்குகிறார். தீர்ப்பு வழங்கிய பின்னரே, அச்செல்வன் தாமே என்பது அவருக்குத் தெரிய வருகிறது. நேரடியாகக் குற்றம் சாட்டினால் நம் உள்ளம் கதவடைத்துக் கொள்ளும். கதையாகச் சொன்னால், பிறரைத் தீர்ப்பிடுவதாக எண்ணிக் கதவைத் திறந்து வைக்கிறோம். அதன் வழியே உண்மை உள்ளே வந்து அமர்ந்து விடுகிறது. ஆட்டுக்குட்டியும் மானும் கோட்டு மனிதரும் நம்மைப் போல் தோற்றமளிக்காததே இதற்குத் துணை செய்கிறது. பொம்மை யாருடைய சாயலிலும் இல்லை. ஆகவே எவருடைய சாயலும் ஆகக் கூடும்.

இப்படத்தை நம் பங்குகளில் காட்டினால் என்ன நிகழும்? சிரிப்பு எழும். பிறகு வேலி எழுவதைக் காணும்போது சிலர் நெளியக்கூடும். ஏனெனில் வேலிகள் நமக்கும் புதியவை அல்ல. ஒரே நற்கருணையை உண்டவர்கள் இறந்த பின் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களுக்குச் சுமந்து செல்லப்பட்டதும், ஒரே அன்னையின் தேர் சில தெருக்களுக்குள் மட்டும் நுழையாமல் திரும்பியதும் தமிழகக் கத்தோலிக்க ஊர்களின் வரலாற்றில் உள்ளவையே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், தீண்டாமை கடுமையான சமூகப் பாவம் என்று உரைத்தது. கொள்கை ஏட்டைப் படித்தவர் எத்தனை பேர்? வேலிக் கட்டைகள் கல்லறையைச் சூழும் காட்சியைக் கண்டவர் அதை எளிதில் மறப்பாரா?

ஒன்றும் பலவும்

1974இல் விஜயா முளே என்னும் கல்வியாளர் உருவாக்கிய ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ என்னும் படம் இந்தியப் பிள்ளைகளின் ஒரு தலைமுறைக்கே நினைவுச் சின்னம் ஆயிற்று. ஒன்று, பல, ஒற்றுமை என்பது அத்தலைப்பின் பொருள். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று கேட்கும் தம்பிக்கு, அக்காள் கதிரவனையும் விண்மீன்களையும் காட்டி விளக்குகிறாள். வேடன் வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாக எழுந்து வலையோடு பறக்கின்றன. எலிகள் அவ்வலையைக் கடித்து விடுவிக்கின்றன. ஏறத்தாழ ஏழு நிமிடங்களில் கதை முடிகிறது. சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது.

இதற்கு அசைவூட்டிய கலைஞர் பீம்சேன், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தானில் பிறந்தவர். 1947இல் நாடு பிளவுண்டபோது அவருடைய குடும்பம் ஊரைத் துறந்து லக்னோவில் குடியேறியது. வேலி எழுந்ததைச் சிறு வயதில் கண்ட ஒருவருடைய கையே, பறவைகள் ஒன்றாக வலையைத் தூக்கிச் செல்வதை வரைந்தது. அதனால்தான் போலும், பாடப் புத்தகத்தில் ஒற்றுமை பற்றிப் படித்தபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், இப்படத்தின்முன் கண் கொட்டாமல் அமர்ந்தனர். 1980களில் ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடிய தமிழ்ப் பிள்ளைகள், இந்தி தெரியாமலேயே அதன் மெட்டை முணுமுணுத்தனர். சொல் புரியவில்லை, பறவைகள் பறந்தது புரிந்தது.

ராம் மோகன் பின்னாளில் யுனிசெஃப் நிறுவனத்துக்காக ‘மீனா’ என்னும் சிறுமியை உருவாக்குவதில் பங்கு கொண்டார். 1991 முதல் 2000 வரையிலான ஆண்டுகளைத் தெற்காசிய நாடுகள் பெண் குழந்தையின் பத்தாண்டாக அறிவித்திருந்தன. 1993இல் வெளிவந்த முதற்படத்தில், மீனாவுக்குப் பள்ளி செல்ல ஆசை, வீட்டில் அனுமதியில்லை. அவளுடைய கிளி பள்ளியின் சன்னலில் அமர்ந்து எண்களைக் கற்றுவந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. எண்ணத் தெரிந்ததால், கோழி ஒன்று குறைவதை அவள் கண்டுபிடிக்கிறாள், திருடன் அகப்படுகிறான். அவ்வளவுதான் கதை. மற்றொரு படத்தில், தம்பிக்கு மாம்பழத்தின் பெரிய பங்கும் தனக்குச் சிறிய பங்கும் ஏன் என்று கேட்கிறாள்.

இதை நாம் நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையின் மேற்கே உள்ள சேலத்தில், பெற்றோர் கைவிட விரும்பும் பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது 1992இல். பிறந்த பெண்ணுக்கு உயிர் வாழும் உரிமையே கேள்விக்குறியாக இருந்த காலத்தில், கோழியை எண்ணி வீட்டைக் காத்த ஒரு சிறுமி திரையில் நடந்தாள். பெண் கல்வி பற்றிய நூறு முழக்கங்களை விட அவள் வலிமையானவள். முழக்கம் பெற்றோரைக் குறை கூறுகிறது. மீனாவோ தந்தையை வெறுக்கவில்லை. அவர் தம் மகளைப் புதிய கண்ணோடு பார்க்க வழி செய்கிறாள்.

மலையும் விதையும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக அது விரிகிறது. கோமுகி ஆறு அங்குப் பிறந்து சமவெளியின் வயல்களை நனைக்கிறது. வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக இவர்கள் வழிவழியாகச் சொல்வர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976இல்தான் முழுமையாக அரசின் நிருவாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019இல்.

இம்மலையை நினைக்கும்போதெல்லாம் ஒரு படம் கூடவே நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ எழுதிய கதையைக் கொண்டு, கனடா நாட்டு ஓவியர் ஃபிரெடெரிக் பாக் 1987இல் முடித்த ‘மரங்கள் நட்ட மனிதன்’ என்பதே அது. நீளம் முப்பது நிமிடங்கள். வறண்ட மலை நாட்டில் தனித்து வாழும் ஓர் இடையன், இரவுதோறும் விளக்கொளியில் கருவாலி விதைகளைப் பரப்பி, சொத்தையானவற்றை நீக்கி, நல்ல விதைகள் நூற்றை எண்ணி எடுக்கிறான். பகலில் கம்பியால் குழி குத்தி நடுகிறான். மூன்று ஆண்டுகளில் ஓர் இலட்சம் விதைகள், முளைத்தவை இருபதாயிரம், அவற்றிலும் பாதிதான் தேறும் என்பது அவன் கணக்கு. யாரும் அவனைக் கேட்கவில்லை. யாரும் அவனுக்குக் கூலி தரவில்லை. இரண்டு உலகப் போர்கள் வந்து போகின்றன. அவன் நட்டுக்கொண்டே இருக்கிறான். பல்லாண்டுகளுக்குப் பிறகு அங்கே காடு நிற்கிறது. வற்றிய ஓடைகளில் நீர் ஓடுகிறது. மக்கள் திரும்பி வந்து குடியேறுகின்றனர்.

விதைப்பவர் உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! விதையின் பெரும்பகுதி வீணாகும் என்று தெரிந்தும் கை நிறைய விதைப்பவரை அந்த இடையனிடம் காண்கிறோம். படத்தை உருவாக்கியவரும் அவனைப் போன்றவரே. ஒரே ஓர் உதவியாளரோடு, ஆண்டுக்கணக்கில் வண்ணப் பென்சிலால் ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தீட்டினார் பாக். வேதிப்பொருளால் அவருடைய ஒரு கண்ணின் பார்வை போயிற்று. எஞ்சிய கண்ணோடு வேலையை முடித்தார். 1988இல் அப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. அதைக் கண்ட பலர் மரம் நட முன்வந்தனர் என்பதே அவருக்கு உவகை தந்த விருது. 2013இல் அவர் மறைந்தார். ஒரு படம் ஏன் நெஞ்சில் தங்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை. பிறர் நலனுக்காக ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார் என்பதைக் கோடுகளே காட்டிக் கொடுத்து விடுகின்றன.

கருணாபுரத்தின் பிள்ளைகள்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்ததை நாம் அறிவோம். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் பல வீடுகளின் முன் ஒரே நாளில் பந்தல் எழுந்தது. தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் இருந்தனர். கருணையின் பெயரைத் தாங்கிய ஊருக்கு நேர்ந்த கதி அது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் வேலையும் எட்டாத இடத்தில் சாராய அடுப்பு எரியும் என்பதை நாடு காலம் தாழ்த்தி உணர்ந்தது.

இவ்வளவு பெரிய துயரத்தின் முன் பொம்மைப் படம் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படம் பார்த்து எவனும் குடியை விட்டுவிடப் போவதில்லை. ‘அண்டை வீட்டார்’ படத்தை உலகெங்கும் மக்கள் பார்த்தனர். வேலிகள் இன்றும் நிற்கின்றன. உவமை கேட்டவர்கள் எல்லாரும் மனம் திரும்பினார்களா? இல்லை. நம் ஆண்டவரின் உவமைகளைக் கேட்ட சிலர், அவை தம்மைப் பற்றியவை என்று உணர்ந்து, அவரைப் பிடிக்கவே வழி தேடினர் என நற்செய்தி கூறுகிறது.

ஆயினும் பெரியவர்களின் கதை வேறு. பிள்ளைகளின் கதை வேறு. கருணாபுரத்துப் பிள்ளையும் வெள்ளிமலைப் பிள்ளையும் நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையும் இன்று கைப்பேசித் திரையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களைப் பார்க்கின்றனர். அவையும் குறும்படங்களே. நாத்தானின் கதையும் குறுகியது. கைப்பேசித் துணுக்கும் குறுகியது. வேறுபாடு எங்கே உள்ளது? ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடி வந்து முதலாவதைத் துடைத்து விடுகிறது. நாத்தான் கதை முடித்தபின் அடுத்த கதை ஓடி வரவில்லை. அந்த ஒரே கதையில்தான் தாவீது தம்மைக் கண்டுகொண்டார். நல்ல குறும்படத்தின் கடைசிப் பகுதி, திரை இருண்ட பின் பார்ப்பவர் உள்ளத்தில் ஓடுவது. அதற்கு இடம் கொடுக்காமல் எவ்வளவு நல்ல படத்தைக் காட்டினாலும் அது பழைய செய்திப் படம் போலவே மறந்துபோகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் நம் பங்குகளில் நடைபெறும் விவிலிய வகுப்புகளில் ஒருநாள் ஒரு படம் மட்டும் காட்டுங்கள். ஆலமர மானோ, வலையோடு பறந்த பறவைகளோ, மரம் நட்ட மனிதனோ, எதுவாயினும் ஒன்றே போதும். முடிந்ததும் உடனே விளக்கம் சொல்லாதீர்கள். படிப்பினை எழுதிப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்யுங்கள். பிறகு பிள்ளைகள் பேசட்டும், நாம் கேட்போம்.

அடுத்து, ஆளுக்கொரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பக்க ஓரங்களில், முப்பது பக்கங்களுக்கு, சிறிது சிறிதாக மாற்றி ஒரு விதை முளைப்பதை வரையச் சொல்லுங்கள். விரலால் பக்கங்களை விரைந்து தள்ளினால் விதை பிளந்து, தளிர் எழுந்து, இலை விரிவதைக் காணலாம். ரேனோ செய்தது இதுதான். இதற்கு மின்சாரம் வேண்டா, பணம் வேண்டா, வெள்ளிமலையின் கடைக்கோடிச் சிற்றூரிலும் செய்யலாம். சாராயம் பெற்றோரைப் பறித்த வீட்டில் வளரும் ஒரு பிள்ளை, தன் கையால் ஒரு விதையை முளைக்கச் செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. முப்பது பக்கங்கள் சேர்ந்தால் மரம் நிற்கிறது. நம் இறைவன் நம்மிடம் பொறுமையோடு செயலாற்றுவதும் இவ்வாறே அன்றோ?